‘ஹை’ என்று வந்த பதினான்கு பேர்

பிரின்சி கவரப்பேட்டையில் ரயில் ஏறி, கும்மிடிப்பூண்டியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் தொழிற்பேட்டைக்குள் போவாள். ஆட்டோ இரண்டாவது வளைவில் திரும்பும்போதே துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கிக் கட்டிகளாக வார்க்கும் கம்பெனி அது. அமிலமும் கருகிய பிளாஸ்டிக்கும் கலந்த ஏதோ ஒன்று நாக்கில் லேசான இனிப்பாக ஒட்டும். நாற்றம்கூடப் பரவாயில்லை, அந்த இனிப்பு அவளுக்குக் குமட்டும். சாப்பாட்டு டப்பாவை அங்கே திறக்கவே மாட்டாள். காலை நாஷ்டாவை வீட்டிலேயே முடித்துவிட்டு, சாயங்காலம் வீடு திரும்பிய பிறகுதான் சோறு.

அவள் அப்பா எட்வர்ட் அடுத்தவர் நிலத்தில் நெல் அறுத்த குடும்பத்தில் பிறந்து, ஒரு ரோலிங் மில்லில் முப்பது வருடம் இரும்புக் கம்பி இழுத்தவர். மகள் பொன்னேரியில் புள்ளியியல் படித்தாள். அந்தப் படிப்புக்கு ஊர்ப் பக்கத்தில் என்ன வேலை கிடைக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. கிடைத்தது இதுதான்: ஈயக் கம்பெனியின் பாதுகாப்புப் பிரிவில் டேட்டா என்ட்ரி.

அந்தப் பிரிவுக்கு மேனேஜர் ரகு. நாற்பத்தைந்து வயது, இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, மென்மையான பேச்சு. உலைக்கூடத்துப் புகை காற்றில் வந்து சேராத பக்கமாகத் தன் அறையை மாற்றிக்கொண்டவர். கம்பெனித் தண்ணீரைத் தொடமாட்டார், வீட்டிலிருந்து கேன் வரும். ஏசியின் வடிகட்டியை மாதாமாதம் மாற்றச் சொல்வார். சுத்தமான மனிதர் என்று பிரின்சி முதலில் நினைத்தாள்.

உலை, உடைக்கும் பகுதி, ஆபீஸ் எல்லாம் சேர்த்து இருநூற்றுப் பன்னிரண்டு பேர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதலுதவி அறையின் நர்ஸ் ஜெனிபர் ஒவ்வொருவர் விரலிலும் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, மேசைமேல் இருக்கும் சின்ன இயந்திரத்தில் வைப்பாள். ரத்தத்தில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று அது ஒரு எண்ணைக் காட்டும். கம்பெனி வைத்திருந்த எல்லை நாற்பது. அதைத் தாண்டியவர்களின் பெயர் நோட்டீஸ் பலகையில் வரும். அவர்களை ஒரு மாதம் உலையை விட்டு எடுத்து வெளியே யார்டில் போடுவார்கள்.

பிரின்சி சேரும்வரை ஜெனிபர் பேப்பரில் ஸ்கேல் வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துத்தான் பட்டியல் எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் ஆகும். பிரின்சி கல்லூரியில் ‘ஆர்’ என்ற புள்ளியியல் மொழி படித்திருந்தாள். அதில் இருநூற்றுப் பன்னிரண்டு எண்களை ஒரே வரிசையாக வைத்து, பக்கத்தில் ஒரு ‘பெரியது’ குறி போட்டு, நாற்பது என்று எழுதினால் போதும். வரிசை முழுவதையும் ஒரே தடவையில் ஒப்பிட்டு, ஆளுக்கொரு விடை தரும். தாண்டியவருக்கு ‘ட்ரூ’, தாண்டாதவருக்கு ‘ஃபால்ஸ்’. ட்ரூ எல்லாவற்றையும் கூட்டினால் எத்தனை பேர் என்று வந்துவிடும்.

சேர்ந்த முதல் மாதமே அதை எழுதி, ரகுவைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஓட்டிப் பார்த்தபோது அபத்தமாக வந்தது. ஆபீசை விட்டு வெளியே வராத ஒரு கிளார்க்குக்கு ஒன்பது புள்ளி நான்கு. அவர் எல்லையைத் தாண்டிவிட்டார் என்றது கம்ப்யூட்டர்.

“ஒன்பது நாற்பதைவிடப் பெருசாம்மா?” என்று ரகு சிரித்தார்.

அவளுக்குக் காரணம் உடனே புரிந்தது. அந்த வரிசையில் எங்கோ எண்ணுக்குப் பதிலாக எழுத்து புகுந்திருக்கிறது. ஒரே ஒரு இடத்தில் எழுத்து இருந்தாலும் முழு வரிசையையும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். பிறகு அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல முதல் எழுத்தை வைத்தே ஒப்பிடும். நாற்பதில் முதலில் நிற்பது நான்கு, அதற்குப் பின் ஒன்பது வருவதால் ஒன்பது புள்ளி நான்கு பெரியதாகிவிட்டது. சரி, எண்ணாக மாற்று என்று ஒரு வரி சேர்த்தாள். மாற்றியது. கூடவே சிவப்பில் ஒரு எச்சரிக்கை: சிலவற்றை எண்ணாக மாற்ற முடியவில்லை, அந்த இடங்களில் ‘என்.ஏ.’ போட்டிருக்கிறேன். என்.ஏ. என்றால் மதிப்பு தெரியாது என்று அர்த்தம். தெரியாத ஒன்று நாற்பதைவிடப் பெரியதா என்று கேட்டால், அதற்கும் தெரியாது என்றுதான் விடை வரும். தெரியாததைக் கூட்டினால் கூட்டுத்தொகையும் தெரியாது. எத்தனை பேர் என்ற இடத்தில் ‘என்.ஏ.’ என்று நின்றது.

“என்னம்மா இது? இத அப்படியே ஹெட் ஆபீசுக்கு அனுப்ப முடியுமா?”

“ரத்தம் எடுக்காதவங்களா இருக்கும் சார். லீவுல போனவங்க.”

“அப்ப அவங்கள விட்டுட்டு மத்தவங்கள மட்டும் எண்ணச் சொல்லு.”

அதற்கும் வழி இருந்தது. என்.ஏ.-க்களை நீக்கிவிட்டுக் கூட்டு என்று ஒரு சொல் சேர்த்தாள். அந்தச் சிவப்பு எச்சரிக்கை கண்ணை உறுத்தியது, அதையும் வராமல் அடைத்தாள். எந்த இடத்தில் என்ன எழுத்து இருக்கிறது என்று திறந்து பார்க்கவில்லை. பார்ப்பதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

விடை வந்தது: நான்கு பேர். ரகு அவள் தோளுக்கு மேல் குனிந்து பார்த்து, “ஃபன்டாஸ்டிக்” என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் மூன்று, ஐந்து, நான்கு என்று வந்தது. நம்பும்படியான எண்கள். இரண்டு வருடம் அப்படியே போனது.

அவள் தெருவிலேயே அன்புசெல்வன் இருந்தான். முப்பத்தெட்டு வயது, உலையில் வேலை. அதே ரயிலில்தான் வருவான். ஒரு நாள் காலை பொன்னேரிப் பக்கமிருந்து வந்த ரயிலில் கூட்டம் நெருக்கியது. அவன் மேலே கைப்பிடியைப் பிடிக்கக் கையைத் தூக்கினான். கை தூக்கியது, மணிக்கட்டு தூக்கவில்லை. உள்ளங்கை கீழே தொங்கியது. இடது கையால் வலது கையைப் பிடித்துக் கைப்பிடிக்குள் நுழைத்தான், ஒரு பொருளை மாட்டி வைப்பதுபோல.

“இன்னாண்ணா கைக்கு?”

“தெர்லம்மா. ரெண்டு மாசமா இப்டிதான் கீது. வவுறு வேற புடிச்சி இழுக்குது. சோறே எறங்கல. பேஜாரா கீது.” அவன் ஈறுகளின் ஓரத்தில் கருநீலமாக ஒரு கோடு தெரிந்தது. “நம்ம கம்பெனி டெஸ்ட்டுல ஒன்னும் இல்லியே? லிஸ்ட்டுல ஒரு தபாகூட எம் பேரு வர்ல. அதான் தைரியமா கீறேன்.”

“இல்லண்ணா, வந்திருந்தா போர்டுல போட்டிருப்பாங்க. எதுக்கும் நான் பாத்து சொல்றேன்.”

ஆபீஸ் போனதும் அவன் பெயரைத் தேடினாள். தன் ப்ரோக்ராமில் அல்ல, ஜெனிபர் அனுப்பும் மூலக் கோப்பில். எட்டுப் பரிசோதனைகள். பேட்டரி உடைக்கும் பகுதியில் இருந்தபோது முப்பத்தொன்று, அடுத்தது முப்பத்தெட்டு. பிறகு உலைக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கிருந்து ஆறு முறையும் எண்ணே இல்லை. ‘ஹை’, ‘ஹை’, ‘ஹை’ என்று ஆறு முறை ஒரே சொல்.

அவள் முதலுதவி அறைக்குப் போனாள். ஜெனிபர் பஞ்சு உருட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இந்த ஹைன்னா இன்னா?”

“மெஷினு அறுவத்தஞ்சு வரைக்கும்தான் நம்பர் காட்டும். அதுக்கு மேல போச்சுன்னா நம்பர் வராது, ஹைன்னு வரும்.”

பிரின்சி கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். வாயில் அந்த இனிப்பு ஊறியது. அவள் ப்ரோக்ராம் இரண்டு வருடமாகச் செய்துவந்தது என்னவென்று ஒரே நொடியில் தெளிந்துவிட்டது. நாற்பத்திரண்டு வந்தவனைப் பிடித்து யார்டுக்கு அனுப்பியது. ஐம்பது வந்தவனையும் பிடித்தது. இயந்திரத்தால் அளக்கவே முடியாத அளவுக்கு ஈயம் ஏறியவனை மட்டும் தெரியாது என்று சொல்லி வரிசையிலிருந்து நீக்கி, திரும்ப உலைக்கே அனுப்பியது. அபத்தம் என்று சிரித்தார்களே, அந்த முதல் ஓட்டத்தில் மட்டும்தான் இவர்கள் மாட்டியிருந்தார்கள். எழுத்து வரிசையில் ‘ஹை’ எண்களுக்குப் பின்னால்தான் வரும், அதனால் ட்ரூ என்றே வந்திருக்கும். அதைத் திருத்தியது அவள்தான்.

“நீங்க யார்கிட்டியும் சொல்லலியாக்கா?”

“சொல்லாம? ஒவ்வொரு தபாவும் ரகு சார்கிட்ட சொல்லிக்கினுதான் இருந்தேன். ‘சிஸ்டத்துல ஏத்திட்டீங்கல்ல, அது பாத்துக்கும்’னாரு. மூணாவது தபா கேட்டப்போ, ‘அது மெஷின் எர்ரர், நீங்க பெருசு பண்ணாதீங்க’ன்னாரு.”

“அந்த ஆளுங்ககிட்ட?”

ஜெனிபர் பஞ்சை டப்பாவில் போட்டு மூடினாள். “எனக்கும் ரெண்டு பசங்க கீதுங்க பிரின்சி.”

பிரின்சி எழுந்து வந்தாள். பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தாள். காலையில் தின்ற இட்லி அப்படியே வந்தது. முகம் கழுவிக் கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இருக்கைக்குத் திரும்பி ப்ரோக்ராமைத் திறந்தாள். இந்த முறை இரண்டு கேள்விகள் எழுதினாள். மூலக் கோப்பில் இருப்பது ‘ஹை’ என்ற சொல்லுக்குச் சமமா? அல்லது, அதன் எண் நாற்பதைவிடப் பெரியதா? இரண்டில் ஒன்று உண்மை என்றால் போதும். எண் பக்கம் தெரியாது என்று வந்தாலும், சொல் பக்கம் உண்மையாக இருந்தால், உண்மை என்றே விடை வரும். ஒரு பக்கம் உறுதியாகிவிட்ட பிறகு மறுபக்கம் என்னவாக இருந்தாலும் விடை மாறாது என்பது ‘ஆர்’ மொழிக்குத் தெரிந்திருந்தது. கல்லூரியில் இதை ஒரு மதிப்பெண் கேள்வியாகப் படித்து எழுதியிருந்தாள்.

கடைசிப் பரிசோதனைக்கு அவள் அனுப்பிய எண் நான்கு. இப்போது பதினெட்டு வந்தது. புதிதாகப் பதினான்கு பேர். எல்லாரும் உலைக்காரர்கள். ஒருவர் பெயர்கூட ஒரு முறையும் பலகையில் வந்ததில்லை.

தற்செயலாக அதே கோப்பில் ரகுவின் வரியும் கண்ணில் பட்டது. அவரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் விரல் நீட்டியிருக்கிறார். மூன்று புள்ளி ஒன்று. மூன்று புள்ளி பூஜ்யம். இரண்டு புள்ளி எட்டு.

மத்தியானம் அவர் அறைக்குப் போனாள். அவர் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். சுளையின் மேலிருந்த வெள்ளை நாரை நகத்தால் ஒவ்வொன்றாக எடுத்து டிஷ்யூவில் வைத்தார். அவள் பேப்பரை நீட்டினாள். அவர் தொடவில்லை, மேசையில் வைக்கச் சொல்லித் தலையசைத்தார்.

“சார், பழைய ப்ரோக்ராம் தப்பு. இந்தப் பதினாலு பேரை விட்டுட்டோம்.”

“ஹை ஒரு நம்பர் இல்லம்மா. நம்பரோடதான் நம்பரை கம்பேர் பண்ண முடியும். நீ ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிச்ச பொண்ணு, உனக்குத் தெரியாதா?”

“அறுபத்தஞ்சுக்கு மேல இருந்தா நாற்பதுக்கும் மேலதான சார்?”

அவர் ஒரு சுளையை வாயில் போட்டார். மெதுவாகச் சவைத்தார். “பதினாலு பேரை ஒரே நாள்ல எடுத்தா உலையை யார் ஓட்டறது? ஏற்கனவே எட்டு ரிப்போர்ட் போயிருக்கு. எல்லாத்துலயும் உன் பேரும் இருக்கு. ‘அனலைஸ்டு பை’ யாரு? நீதானே?” அடுத்த சுளை. “ஒன்னு பண்ணு. காலியா இருந்தாதானே கேள்வி வரும்? ஹை வர்ற இடத்துல எல்லாம் முப்பத்தொன்பது புள்ளி ஒன்பதுன்னு போட்டுடு. நாற்பதைவிடப் பெருசு இல்ல. உன் ப்ரோக்ராமும் கரெக்ட்டா ஓடும்.”

அவர் அதைச் சொன்ன விதத்தில் கெட்ட எண்ணம் எதுவும் தெரியவில்லை. ஜன்னலைச் சாத்தச் சொல்வதுபோலச் சொன்னார். பழச்சாறு அவர் உதட்டோரத்தில் வழிந்தது. பிரின்சி பேப்பரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஷிப்டு முடியும் நேரத்தில் சைக்கிள் ஸ்டாண்டில் போய் நின்றாள். கையில் பதினான்கு துண்டுச் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒருவர் பெயர், அவருடைய எட்டுப் பரிசோதனை முடிவுகள், கீழே ‘ஹை என்றால் அறுபத்தைந்துக்கு மேல்’ என்று ஒரு வரி. அடுத்தவர் எண் அடுத்தவருக்குத் தெரியாமல் அவரவர் கையில் கொடுத்தாள். ஒடிசாக்காரர் நான்கு பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொன்னாள்.

அன்புசெல்வன் இடது கையால் வாங்கிப் படித்தான். நேரம் எடுத்துக்கொண்டான்.

“அப்ப லிஸ்ட்டு யாரும்மா போட்டது?”

“நான்தாண்ணா.”

“ரெண்டு வருஷமா எனக்கு ஒன்னும் இல்லன்னு நீதான் எழுதுனியா?”

“ஆமாண்ணா. தப்பா எழுதிட்டேன். எனக்குத் தெரியாது.”

“தெரியாதா.” அவன் அந்தச் சொல்லைத் திரும்பச் சொன்னான். சீட்டை நான்காக மடிக்கப் பார்த்தான், ஒரு கையால் முடியவில்லை. சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டான். “வழி உடும்மா.”

அன்று அவர்கள் வேறு வேறு பெட்டியில் வீட்டுக்குப் போனார்கள். அவன் மனைவி பூமிகா பிரின்சியின் வாசலுக்கு வந்து, தெருவே கேட்கும்படி கத்தினாள். “படிச்சவளாம் படிச்சவ! எம் புருஷன் கையி போச்சே, நீ இன்னா ஏசி ரூம்புல குந்திக்கினு மயிரா புடுங்குன?” எட்வர்ட் எழுந்து வெளியே வரப் பார்த்தார். பிரின்சி தடுத்தாள். பூமிகா ஓயும்வரை வாசலிலேயே நின்று கேட்டாள்.

மறுநாள் லீவு போட்டாள். பழைய ப்ரோக்ராம், புதியது, எட்டு மூலக் கோப்புகள், முப்பத்தொன்பது புள்ளி ஒன்பது பேச்சை எழுதிய ஒரு பக்கம். எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்துக்கொண்டு திருவள்ளூருக்குப் பஸ் ஏறினாள். தொழிற்சாலை ஆய்வாளர் ஒரு நடுவயதுப் பெண். முழுவதையும் படித்துவிட்டு, பழைய ப்ரோக்ராமில் ஒரு வரியில் பேனாவை வைத்தார்.

“நீக்கிட்டுக் கூட்டுன்னு இருக்கே, இத எழுதினது யாரு?”

“நான்தான் மேடம்.”

“யாரும் சொல்லி எழுதினியா?”

பிரின்சி யோசித்தாள். “என்.ஏ. வேணாம்னு சார் சொன்னாரு. ஏன் என்.ஏ. வந்துச்சுன்னு பாக்காதது நான் மேடம்.”

அதையும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டாள்.

ஆய்வு வந்தது. உலை பதினொரு நாள் நின்றது. பதினான்கு பேரையும் சென்னைக்கு அனுப்பி ரத்தத்தில் இருக்கும் ஈயத்தைக் கரைத்து வெளியேற்ற மருத்துவம் பார்த்தார்கள். பெரும்பாலோர் தேறினார்கள். ஒடிசாக்காரர் இரண்டு பேர் பாதியிலேயே ஊருக்குப் போய்விட்டார்கள், பிறகு என்ன ஆனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அன்புசெல்வனின் வயிற்று வலி நின்றது. மணிக்கட்டு பாதிதான் நிமிர்ந்தது. மீஞ்சூரில் ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலைக்குப் போகிறான். தெருவில் எதிரே வந்தால் பிரின்சியைப் பார்த்துத் தலையை ஆட்டுவான், பேசமாட்டான். பூமிகா தலையும் ஆட்டமாட்டாள்.

ஜெனிபர் அங்கேயே இருக்கிறாள். இப்போது நாற்பதைத் தாண்டிய எவருக்கும் நேரே வாயால் சொல்லிவிடுகிறாள் என்று கேள்வி.

பிரின்சியைக் கம்பெனி ‘பணியிடம் தேவையில்லை’ என்று எழுதி அனுப்பியது. ஐந்து மாதம் வீட்டில் இருந்தாள். சோறு பிசையும்போது கையை முகர்ந்து பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. பிறகு திருநின்றவூரில், சில ரத்தப் பரிசோதனைக் கூடங்களின் கணக்கெடுப்பைச் செய்யும் ஒரு சின்ன ஆபீசில் வேலை கிடைத்தது. அங்கே எந்த வரிசை வந்தாலும், ஒப்பிடுவதற்கு முன் ஒரு முறை கண்ணால் மேலிருந்து கீழே முழுக்கப் பார்க்கிறாள். சக ஊழியர்கள் அதைக் கிண்டல் செய்கிறார்கள்.

ரகுவுக்குப் பெரிதாக எதுவும் ஆகவில்லை. ஒரு மெமோ. பிறகு அதே கம்பெனி ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் திறந்த இன்னொரு ஆலைக்கு, இதே பதவியில் மாற்றல். போன மாதம் அவரிடமிருந்து பிரின்சிக்கு வாட்ஸாப்பில் செய்தி வந்தது. பழையது எதுவும் நடக்காததுபோல, ஹவ் ஆர் யூ, பொங்கல் வாழ்த்து. அடுத்த வரியில், அந்தப் புது ப்ரோக்ராம் கிடைக்குமா, இங்கே ஆடிட்டர்கள் கேட்கிறார்கள்.

போனைக் கட்டிலில் வீசினாள். சாக்கடையில் கை விட்டதுபோல இருந்தது. பதிலே போடக்கூடாது என்றுதான் படுத்தாள். அந்த ஆலையின் உலையில் எத்தனை பேர் இருப்பார்கள் என்ற நினைப்பு விடவில்லை. காலையில் எழுந்து ப்ரோக்ராமில் இன்னொரு வரி சேர்த்தாள். விடை வரிசையில் ஒரே ஒரு ஆளுக்காவது தெரியாது என்று வந்தால், கூட்டாதே, அவர் பெயரைச் சொல்லிவிட்டு நின்றுவிடு. அதை மட்டும் அனுப்பினாள், ஒரு வார்த்தை எழுதாமல்.

இரண்டு நாள் கழித்து, காலையில் அவரே வேறொரு போன் பேச்சாக இல்லாமல் நேராக விஷயத்துக்கு வந்தார்.

“பிரின்சி, ஓட மாட்டேங்குதும்மா. யார் யார் பேரையோ போட்டுட்டு நின்னுடுது.”

“அவங்களுக்கு ரிசல்ட் இல்ல சார். ரத்தம் எடுங்க. எடுத்தா ஓடும்.”

“அந்த வரிய எப்படி எடுக்கறது?”

“எடுக்கத் தெரியாது சார்” என்று சொல்லி, போனை வைத்து, அந்த எண்ணை ப்ளாக் செய்தாள். எட்டு மணி ரயிலுக்கு நேரமாகிவிட்டிருந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.